சில்க் போர்டு வழிவிட்ட கார்

"வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அதுவுமா, சில்க் போர்டு சிக்னலை நிக்காமத் தாண்டினேன். பிரேக்ல காலே வைக்கல" என்றார் பச்சைமுத்து.

பெங்களூரை அடுத்த சந்தாபுராவில், மனைவியின் அண்ணன் சுந்தரத்தின் சாவு வீட்டுப் பந்தலில் இதைச் சொன்னார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களே ஒரு நொடி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். வேன் டிரைவர் மஞ்சுநாத் டீயைக் கீழே வைத்தார்.

"துக்க வீட்ல கதை வுடாதீங்க சார். நானும் இன்னிக்கு அதே ரோட்லதான் வந்தேன். ஒரு ஆமை என்னை ஓவர்டேக் பண்ணுச்சு."

ஆனால் நடந்தது இதுதான்.

மத்தியானம் மர்பி டவுனில் பச்சைமுத்து வீட்டுக்கு போன் வந்தது. சுந்தரம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய், இருட்டுவதற்குள் எடுத்துவிடுவார்கள்.

"எங்க அண்ணன் முகத்தை ஒருவாட்டி பார்க்கணுங்க" என்பதைத் தவிர ஜானகி எதுவும் பேசவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து அழுதாள். முன்சீட்டில் அவள் தம்பி சரவணன், மடியில் ஆளுயர ரோஜா மாலை. மகள் வாங்கிக் கொடுத்த புத்தம்புதுக் காரை பச்சைமுத்து கிளப்பினார்.

பழைய காரில் ஏசிக்கு ஒரு திருகு இருந்தது. இதில் திருகும் இல்லை, பட்டனும் இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற சைஸில் ஒரு திரை, எல்லாமே அதற்குள். கோரமங்களா தாண்டுவதற்குள் காருக்குள் இமயமலை வந்துவிட்டது.

"மாமா, காது வலிக்குது. ஏசியைக் குறைங்க."

நீலமாக இருந்த ஒன்றைத் தொட்டார். பனிப்புயல் அடித்தது. முதலுதவிப் பெட்டியைப் பிரித்து சரவணன் காதில் பஞ்சு வைத்தான். மூக்கு ஒழுகியது, அதிலும் வைத்தான். மப்ளரைத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான்.

"ஜன்னலையாவது திறங்க மாமா!"

ஜன்னல் என்று நினைத்துத் தொட்டது சீட். அது உர்ரென்று சாய்ந்து பலகையாகிவிட்டது. சரவணன் தலை அக்கா மடியில். மாலை அவன் நெஞ்சில். பதறிப்போய் சிவப்பு முக்கோணத்தை அழுத்தினார். நாலு பக்கமும் விளக்கு மினுங்க ஆரம்பித்தது. அடுத்த தடவலில் நாலு ஜன்னலும் இறங்கின.

எதிரே சில்க் போர்டு. பாதி பெங்களூர் அங்கே நின்றுகொண்டிருந்தது.

பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். மாலை. மூக்கில் பஞ்சு. கட்டிய தாடை. தலைமாட்டில் கதறும் பெண். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆட்டோவை ஃபுட்பாத்தில் ஏற்றினார். ஒரு பஸ் ஒதுங்கியது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஹோகி, ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொல்லிக் கை காட்டினார்.

"மாமா, என்னைப் பொணம்னு நினைக்கறாங்க! எழுந்திருக்கறேன்."

"வழி விடறாங்களே மச்சான்..."

"எங்கண்ணன் செத்த அன்னிக்கே என்னையும் படுக்க வைக்கறீங்களா? எனக்கு ரெண்டு பசங்க மாமா!"

ஜானகி அழுகையை நிறுத்தினாள். தம்பியின் நெற்றியைப் பிடித்து அழுத்தினாள்.

"படுடா. அண்ணன் முகத்தைப் பார்க்க வேணாமா? கண்ணை மூடு."

மூடினான். விட்ட இடத்திலிருந்து அவள் அழ ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஓசூர் ரோடு வகிடு எடுத்த தலை மாதிரி இரண்டாகப் பிரிந்தது. கொடி கட்டிய கார்கள் சாக்கடையோரம் ஒதுங்கின. ஒரு புண்ணியவான் ஊதுபத்தியே கொளுத்தி நீட்டினார். சரவணனின் மூடிய கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அது மட்டும் நடிப்பில்லை.

சந்தாபுராவில் பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, மேளம் இருந்தது. சுந்தரம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார். அண்ணன் முகத்தை ஜானகி தடவித் தடவிப் பார்த்தாள்.

கேட்டு முடித்த மஞ்சுநாத் சிரிக்கவில்லை. எழுந்துபோய், பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்த சரவணனைக் குனிந்து உற்றுப் பார்த்தார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நிஜம்தான் சார். பொம்மனஹள்ளில இவருக்கு ஒரு கும்பிடு போட்டு, வண்டியை ஓரங்கட்டி வழி விட்டவனே நான்தான். பின்னாடி பெட்டியில சுந்தரம் சார் இருந்தாரு."