பற்றிஸ் மடித்த கைக்குக் கொடுப்பனவு இல்லை

கல்முனை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய றாஹிலா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறக்காமத்தில் நீங்களும் மச்சானும் நெல்லும் சுகமாக இருக்க வேண்டும், யானைக்கு உங்கள் வேலி மட்டும் மறந்துபோக வேண்டும் என்று துஆச் செய்கிறேன். இங்கே நாங்கள் சுகம். அதிலும் நான் மிகவும் சுகம். நான் எவ்வளவு சுகம் என்பதை இப்போது அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்று விடிய எழும்பி நான் முதலில் செய்தது, இவர் சுடவைத்துத் தந்த தண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். மூட்டுவாதம் வந்த நாளிலிருந்து என் விரல்கள் இப்படித்தான் துயில் எழும்புகின்றன. பெருவிரல் முதலில் அசையும். மோதிர விரல் எப்போதும் கடைசி, என் பாலர் பாடசாலைக்குப் பிந்தி வருகிற பிள்ளைகளைப் போல. எல்லாம் எழும்பிய பிறகு பேனையை எடுத்து ஒரே இருப்பில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வொய்ஸ் போட்டால் மச்சான் அதை ஸ்பீக்கரில் போட்டு வயலில் உரம் எறிகிறவர்களுக்கும் கேட்கவைப்பார். அதோடு, ஒலுவில் கெம்பஸ் ஹொஸ்டலில் இருந்த காலத்தில் தாளின் இரண்டு பக்கமும் நிரப்பி, இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காலும் உங்களுக்கு எழுதினேனே, நீங்கள் கடிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து வாசித்தீர்களே, அந்த ஆசை இன்னும் எனக்கு விடவில்லை.

ஏலாதவர்களுக்கான மாதக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகக் கந்தோரில் எழுதிப் போடச் சொன்னது நீங்கள்தான். நானும் போட்டேன். கிளினிக்கில் மூட்டுவாதத்துக்குத் தருகிற அந்த ஒரு குளிசை அடிக்கடி முடிந்துபோகிறது, வெளியே வாங்க வேண்டியிருக்கிறது. குளிசை இருந்தால்தான் நான் வேலைக்குப் போவேன், குளிசை வாங்கக் கொடுப்பனவு வேண்டும், கொடுப்பனவு வேண்டுமென்றால் வேலைக்குப் போக ஏலாதவளாக நான் இருக்க வேண்டும். இதை யோசித்து எனக்குத் தலைவலியும் சேர்ந்துகொண்டது, அதற்குத் தனிக் கொடுப்பனவு இல்லையாம். எங்கள் பாலர் பாடசாலையை நடத்துகிற ஹாஜியார் எப்படியோ இதைக் கேள்விப்பட்டு, வாசலில் மறித்து, “மகள், ஏலாத டீச்சர் எண்டு கந்தோரே எழுதித் தந்தா, நாங்க எப்பிடி உங்கள வெச்சிக்கிற?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகக் கேட்டார், அதுதான் பயம். ஆகையால் ராத்தா, ஒரே தெருவில் பாடசாலை முனையில் நான் சுகதேகி, கந்தோர் முனையில் நோயாளி. நடுவில் எந்தக் கடை வாசலில் முகத்தை மாற்றுவது என்றுதான் தெரியவில்லை.

கந்தோரிலிருந்து போன் வந்தது, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சமூக சேவை மிஸ் வீட்டுக்கு வந்து என்னைப் பார்ப்பாராம். அடுத்த வீட்டுப் பாஹிமாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, அவளுடைய உம்மா ஊன்றி நடக்கிற பொல்லையும் கொண்டு ஓடி வந்தாள்.

“மிஸ் வரக்குள்ள கட்டில்ல கிட புள்ள. குளிசை அட்டையெல்லாம் தலமாட்டுல பரத்தி வை. எழும்பினா இந்தப் பொல்ல ஊண்டு.”

“எனக்குக் கையிலதானே கா வருத்தம். பொல்லு என்னத்துக்கு?”

“பொல்லக் கண்டா ஆரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீ படிச்ச ஆள், உனக்கு இதெல்லாம் விளங்கா.”

நான் கட்டிலில் கிடக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருவர் வீட்டுக்கு வருகிறாரே, அவருக்கு என்ன வைப்பது? கடைச் சாமானை வாங்கி, வருகிற ஆளுக்கு வைக்கிற பழக்கம் நம்மட உம்மாட வீட்டில் எந்தக் காலத்தில் இருந்தது? மிஸ்ஸின் பெயர் யதுசா, ஊர் காரைதீவு. வெள்ளிக்கிழமை அவங்க மரக்கறிதான் தின்பாங்க. அதனால் புதுத் தாச்சி எடுத்து, புது எண்ணெய் ஊற்றி, கிழங்கு வைத்து மடித்துப் பொரிக்கிற பற்றிஸ் தனியாக. கூட யாரும் வந்தால் என்று மீன் பற்றிஸ் வேறாக. விடியவே சுடுதண்ணியில் கையை ஊறவைத்து, குளிசையையும் போட்டு, பாடசாலைக்கு லீவும் சொல்லிவிட்டு, நான் நோயாளி என்று காட்டுவதற்காக விடியற்காலையிலிருந்து நின்று வேலை செய்தேன்.

மிஸ் சின்னப் பிள்ளை, ராத்தா. ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பதவிசாக உட்கார்ந்தார். பாஹிமாதான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் சும்மா இருக்கவில்லை.

“எல்லாம் கடைல வாங்கின மிஸ். இவக்குக் கை ஒண்டும் ஏலா. ஒரு தேத்தண்ணிக் கோப்பை தூக்க மாட்டா.”

மிஸ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்தக் கடை அக்கா? இப்பிடி ஓரம் மடிச்சத நான் கல்முனைல காணல்லையே.”

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் நோன்பு திறக்கிற நேரம் வாப்பா தட்டுக்கு முன்னால் இருந்து, ஓரத்தைப் பார்த்தே பிரிப்பாரே, “இது பெரியவட, இது உம்மாட, இது சின்னவட கை” என்று. சின்னவள் கையைத்தான் கடைசிக்கு வைத்துத் தின்பார். அந்தக் கையைக் கடைக் கை என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி தின்ன, நான் பார்த்துக்கொண்டு இருப்பதா?

“கடை இல்ல மிஸ். என்ட கை.”

பாஹிமா தன் உம்மாவின் பொல்லில் தானே சாய்ந்துகொண்டாள்.

“மெய்யா அக்கா? அப்ப இதுல மீன் எது, கிழங்கு எது?”

“கயிறு மாதிரி முறுக்கினது மீன். அலை மாதிரி மடிச்சது கிழங்கு. நீங்க அலைய மட்டும் எடுங்க, அது வேற எண்ணெயில பொரிச்ச.”

“எனக்காகவா? எப்பிடி அக்கா இந்த அலைய மடிக்கிற?”

அவ்வளவுதான். குசினியில் கொஞ்சம் மா மிஞ்சிக் கிடந்தது. நான் ஒன்றை மடித்துக் காட்டினேன், மிஸ் ஒன்றை மடித்தார், அது வெடித்தது, நான் இன்னொன்று காட்டினேன். எங்களுக்குள் நல்ல கதை. காரைதீவில் அவருடைய அம்மாவுக்கும் இதே மாதிரிக் கை வருத்தமாம். போகிற நேரம் கிழங்குப் பற்றிஸ் கொஞ்சத்தைச் சொப்பின் பேக்கில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். முடிச்சையும் நானே போட்டேன்.

மிஸ் பேனையைத் திறந்தார். “அக்கா, எனக்கு மனசில்ல. ஆனா நான் கண்டதத்தானே எழுதோணும்” என்றார். ‘விரல்கள் நன்றாக இயங்குகின்றன, அன்றாட வேலைகளைத் தாமே செய்கிறார்’ என்று எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார். நல்ல கையெழுத்து.

ஜும்மா முடிந்து இவர் வந்தார். பாஹிமா வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். இவர் ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார்: “வருத்தத்தக் காட்டச் சொன்னா, விருந்து வெச்சிரிக்காய்.”

ஆகையால் ராத்தா, அந்தக் கொடுப்பனவுக் கதையை விட்டுவிட்டேன். இனி கந்தோர் பக்கம் போக மாட்டேன், நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்குப் பெரிய கவலை இல்லை. மிஸ்ஸுடன் மா குழைத்த அந்தக் கொஞ்ச நேரம், உங்கள் கல்யாணத்துக்கு முந்தின பின்னேரம் எனக்குத் திரும்பி வந்தது. மண்டபத்தில் பாய் விரித்து, சுற்றி மாமிமார், நடுவில் தாம்பாளம் தாம்பாளமாகப் பற்றிஸ், என் மூக்கிலெல்லாம் மா. உங்கள் கை இரண்டும் மருதோன்றியில் கிடந்தது. நான் சூட்டோடு பிய்த்து ஊதி உங்கள் வாயில் ஊட்டினேன். “ஒரு நாளைக்குக் கை இல்லாம இரிக்கிற எவ்வளவு சுகம் கா” என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்ததில் வாயிலிருந்த தூள் என் முகத்தில் பறந்தது. நான் அதைத் துடைக்காமல் அடுத்ததை மடித்தேன், அவ்வளவு வேகம் எனக்கு. அந்தக் கை இன்னும் இருக்கிறது என்று அரசாங்கம் எழுதித் தந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்தான்.

மச்சானுக்கு என் ஸலாம். வேளாண்மை நல்லா விளைந்து, வீட்டுக்குள் வந்து சேர அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். உங்கள் முழங்கால் வலிக்கும் சேர்த்துத் துஆக் கேட்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரே துஆவாகப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவள் றுஸ்னா.

பி.கு: மேலே எழுதிய சுகத்தை நம்ப வேண்டாம். ஒரே இருப்பில் எழுதினேன் என்றேனே, விடியத் தொடங்கியது, இப்போது பின்னேர அஸருக்குப் பாங்கு சொல்கிறது. எழுத்து எந்த இடங்களில் சரிந்திருக்கிறது என்று பாருங்கள், அங்கெல்லாம் பேனையை வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். வெள்ளி பின்னேரம் வீங்கிய கை நேற்று முழுக்க மடங்கவில்லை. இவர்தான் சோறு ஊட்டினார். மருதோன்றி இல்லாமல் கை இல்லாமல் இருப்பது சுகமாக இல்லை, ராத்தா.

மிஸ் கண்டதைத்தான் எழுதினார். நான் காட்டியது என் நாளில் நல்ல நேரத்தை மட்டும். நாளை கந்தோர் திறக்கிற நேரம் போகப் போகிறேன். குளிசையைப் போடுவேன், ஆனால் சுடுதண்ணி வைக்கச் சொல்ல மாட்டேன், எழும்பாத விரலையும் மிஸ் காணட்டும். தலையில் போடுகிற ஸ்காவ் ஊசியை இவரிடம் குத்தித் தரச் சொல்ல மாட்டேன், கையில் கொண்டுபோய் மிஸ்ஸிடம் நீட்டிக் குத்தித் தரச் சொல்வேன். விரல் எழும்பிய பிறகு அங்கிருந்தே பாடசாலைக்குப் போய், நான் வருத்தக்காரிதான், வேலையும் செய்வேன் என்று ஹாஜியாருக்கு ஒரே வாயால் சொல்வேன். இவருக்கு இது தெரியாது. பாஹிமாவுக்குத் தெரிந்தால் பொல்லோடு வருவாள். இந்தக் கடிதம் இறக்காமம் வந்து சேர முதல் நான் போய் வந்திருப்பேன், நீங்களும் மறிக்க ஏலாது.

மிஸ்ஸுக்குத் தின்ன ஒன்றும் கொண்டு போக மாட்டேன். ஒரு ஆளிடம் நான் வெறுங்கையோடு போகிறது இதுதான் முதல் தடவை.