ஒரே கருமுட்டையில் வந்த வினை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரே வயிற்றில், ஒரே நாளில், உனக்குப் பின்னால் பிறந்த பாவத்துக்கு ஆளான தம்பி எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. நானும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் அதற்கு இந்த வீட்டில் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

போன மாதம் ஆபீஸ் மேஜையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனவன், கடலோரத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, "நிம்மதியாக இருக்கிறேன், தேட வேண்டாம்" என்று கார்டு போட்டாய். உளவியல் படிக்கிறாளே என் மகள், அவள் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, ரெண்டு பேரும் ஒரே கருமுட்டை. மரபணு அச்சு அசல் ஒண்ணு. பெரியப்பாவுக்கு வந்தது அப்பாவுக்கும் வர வாய்ப்பு அதிகம்" என்றாள். வாய்ப்பு என்றுதான் சொன்னாள். என் மனைவி தேதியே குறித்துவிட்ட மாதிரி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. நான் கிளம்பிவிடக் கூடாதென்று என் பயணப்பை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. மூளையில் ஏதோ ரசாயனம் குறைந்தால் மனுஷன் இப்படிக் கிளம்புவான் என்று மகள் சொல்லப்போக, அதற்கு வாழைப்பழம் நல்லதென்று யாரோ சொல்லி, காலையும் மாலையும் எனக்கு வாழைப்பழம். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "கடல்" என்கிறாள், "பெரியப்பா" என்கிறாள், நாடி எகிறுகிறதாம். வாயில் பழம், கையைப் பிடித்தபடி ஒருத்தி, கண்கொட்டாமல் பார்த்தபடி இன்னொருத்தி, கல்லுக்கும் எகிறாதா? போதாக்குறைக்கு அண்ணி வந்து, நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் குளிக்கும்போது விசில் அடித்தாய் என்று பற்றவைத்துவிட்டுப் போனார். இப்ப நான் சோப்பு நுரையோட வாயைக் குவிச்சாலே கதவைத் தட்டுறாங்க. "நான் எங்கயும் போகமாட்டேன்டி"ன்னா, "அவரும் உங்க அண்ணிகிட்ட அப்படித்தான் சொன்னாராம்"ங்கிறா.

இது நான் வேலை பாக்குற பெயிண்ட் கம்பெனி வரைக்கும் போயிடுச்சு. மேனேஜர் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க, ரத்தத்துல இருக்கிறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? கிடங்கைத் திறக்கிறவர் டீ குடிக்கப் போயிட்டா என் கதி என்ன?"ன்னு சாவியை வாங்கி வெச்சுக்கிட்டார். வரவேண்டிய பதவி உயர்வும் அந்தச் சாவியோடு போனதுதான்.

நேற்று சாயங்காலம் வாய் தவறி, "டீ குடிச்சிட்டு வரேன்"னு சொல்லிட்டேன். என் மனைவி ஓடிவந்து கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, "போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. உங்க அண்ணி மாதிரி சாப்பாட்டை மூடி வெச்சுட்டுக் காத்திருக்க என்னால முடியாது"ன்னு அழுதா. அதைவிடப் பயம் என்னன்னா, எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு அண்ணா. பஸ் சத்தம் கேட்டா கால் தானா நிக்குது. நானா நிக்கிறேனா, ரத்தம் நிறுத்துதான்னு தெரியலை.

அதனால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். "இது நானே யோசித்து எடுத்த முடிவு, தம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று காரணத்தோடு ஒரு கடிதம் எழுது. ஆபீசில் சண்டை, அண்ணியோடு மனஸ்தாபம், எதுவானாலும் சரி, என்னிடம் இல்லாத காரணமாக இருந்தால் போதும். என் குடும்பம் அதில்தான் நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அது என்னுடையதும்கூட.

இப்படிக்கு,
இன்னும் வீட்டிலேயே இருக்கும்
உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் உன் கடலோர ஊர் பஸ் நின்றது. நேரிலேயே காரணத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று ஏறிவிட்டேன், இதை எழுதுவதும் பஸ்ஸிலிருந்துதான். கண்டக்டரிடமும், "போயிட்டு உடனே திரும்பிடுவேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே, "போன மாசமும் இதைத்தான் சார் சொன்னீங்க" என்றார்.