மாளிகையின் எல்லை

தென்மருத நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அங்கே தேர்தல் உண்டு, நீதிமன்றம் உண்டு, கம்பீரராயர் என்ற பேரமைச்சரும் உண்டு. மக்கள் வாக்களித்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் இரண்டு முறை. சட்டத்தை மதிப்பதில் தமக்கு நிகர் யாருமில்லை என்று அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

அவர் ஆட்சியில் கூழாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டப்பட்டது. கட்டியவர் அவருடைய மைத்துனர். திறப்பு விழா முடிந்த பதினோராம் நாள் காலையில் பாலம் இடிந்து விழுந்து பத்தொன்பது பேர் இறந்தார்கள். அரசு நான்கே நாளில் விசாரித்து அறிக்கை கொடுத்தது. வண்டிக்காரன் மூக்கையா அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி வந்ததால்தான் பாலம் விழுந்தது என்றது அறிக்கை.

இறந்த பத்தொன்பது பேரில் மூக்கையாவும் ஒருவன். அவன் வண்டியில் இருந்தது எட்டு மூட்டை உமி.

அவன் மனைவி பேச்சியம்மை ஆற்றங்கரைத் தெருவில் இருந்தாள். மற்ற பதினெட்டுக் குடும்பங்களும் அதே தெருவில்தான் இருந்தன. அறிக்கை வந்த நாளிலிருந்து அவளோடு யாரும் பேசவில்லை. எதிர்வீட்டு வள்ளிமயில் அந்தப் பாலத்தில் மகனைப் பறிகொடுத்தவள். பேச்சியம்மை தண்ணீர் எடுத்துவிட்டுப் போகும்வரை அவள் கிணற்றுப் பக்கமே வரமாட்டாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த பேச்சியம்மை, நீதிமன்றத்துக்கு நடந்துபோய் வழக்குப் போட்டாள்.

நீதிபதி ஞானவரம்பர் மெதுவாகப் பேசுகிறவர், மெதுவாகப் படிக்கிறவர். பாலத்துக் காகிதங்களை எல்லாம் வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்து முடிக்க அவருக்கு இரண்டரை வருடம் ஆனது. சுண்ணாம்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு அதில் இருந்தது. கீழே இருந்த கையெழுத்து பேரமைச்சருடையது போலத் தெரிந்தது.

"அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். இது உங்கள் கையெழுத்தா என்று. அவர் நேரில் வரட்டும்" என்று நீதிபதி உத்தரவிட்டார்.

பேரமைச்சர் வரவில்லை. அவருக்குப் பதிலாகச் சட்ட மந்திரி நாவரசர் வந்தார்.

"மாண்புமிகு பேரமைச்சர் இந்த மன்றத்தின் மீது அளவு கடந்த மரியாதை வைத்திருக்கிறார். அந்த மரியாதையின் காரணமாகவே உள்ளே வரத் தயங்குகிறார்."

"தயக்கம் எப்போது தீரும்?"

"அதை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது."

நீதிபதி அடுத்த வாரத்துக்கு வாய்தா போட்டார். அடுத்த வாரமும் பேரமைச்சர் வரவில்லை, ஓர் அரசாணைதான் வந்தது. பேரமைச்சரின் வழக்கு நடக்கும் நாளெல்லாம் பொது விடுமுறை. அவர் நலனுக்காக மக்கள் பிரார்த்தனை செய்ய வசதியாக இருக்கும். அன்று வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் அரிசிக்கடையும் மூடப்பட்டன. பாலம் போனபின் ஆற்றைக் கடக்கப் பரிசல்தான் வழி. அதுவும் ஓடவில்லை.

நீதிபதி வாரத்துக்கு இரண்டு வாய்தா வைத்தார். விடுமுறையும் இரண்டானது. அவர் மூன்று வைத்தார், அதுவும் மூன்றானது. பேரமைச்சர் மாளிகையின் மாடத்தில் தோன்றி, "மக்களின் சோற்றில் மண் போடுவது யார் என்று மக்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்று வருத்தத்தோடு பேசினார். மக்களும் பார்த்தார்கள். மாளிகையின் மதில் உயரம். பேச்சியம்மையின் வீட்டுக்கோ மதிலே கிடையாது.

ஒருநாள் வள்ளிமயில் தானாகவே அவள் வாசலுக்கு வந்தாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல்முறை.

"உன் வழக்கு இருக்குற நாள்ல பரிசல் கிடையாதாம். என் மருமக இடுப்பு வலியோட ஆத்து மணல்லயே பிள்ளை பெத்தா. தாயும் பிள்ளையும் பிழைச்சது தெய்வாதீனம். உன் புருஷன் எடுத்தது போதாதா? நீ வேற எத்தன உசுர எடுக்கணும்?"

பேச்சியம்மை அன்றே நீதிபதியைப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, வழக்க வாபஸ் வாங்கிக்கிடட்டுமா?"

ஞானவரம்பர் காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். "வாங்கிக்கொள்ளலாம் அம்மா. உங்களுக்கு அந்த உரிமை உண்டு. வாங்கினால் அரசு கொடுத்த அறிக்கை அப்படியே நிற்கும்."

"எங்க வீட்டுக்காரர்தான் பாலத்த இடிச்சார்ங்கற அறிக்கையா?"

"ஆமாம்."

"அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

நீதிபதி பிடியாணை பிறப்பித்தார். காவல் தலைவரிடமிருந்து பணிவான பதில் வந்தது. பிடியாணை கிடைக்கப்பெற்றது, காவல் துறை பேரமைச்சரின் பொறுப்பில் இருப்பதால், அவரைக் கைது செய்ய அவருடைய ஒப்புதல் கோரப்பட்டது, வேலைப்பளு காரணமாக அவர் ஒப்புதல் அளிக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஞானவரம்பர் அதை வழக்குக் காகிதங்களோடு சேர்த்துவிட்டு எழுந்தார். மேசையையும் நாற்காலியையும் இரண்டு சேவகர்கள் தூக்கிக்கொண்டார்கள். நீதிபதி முன்னால் நடக்க, பேச்சியம்மை பின்னால் போனாள். மாளிகை வாசல் தெருவில் மேசையைப் போட்டு, நீதிமன்றம் இனி இங்கேதான் கூடும் என்று அறிவித்தார்.

பிற்பகலில் நாவரசர் வெளியே வந்து அரசாணையை வாசித்தார். "இத்தெரு இன்று முதல் மாளிகையின் முற்றமாகும். அனுமதிச் சீட்டு இல்லாதோர் இங்கு நிற்கக் கூடாது." அந்தத் தெருக்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் போகவே சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். நீதிபதி அடுத்த தெருவுக்கு மேசையை மாற்றினார். அதுவும் முற்றமானது. சந்தைக்கு மாற்றியதும் சந்தை மாளிகையின் சமையற்கட்டு என்றார்கள். கத்தரிக்காய் வாங்கவும் சீட்டு வேண்டியிருந்தது. இப்படியே ஆடி பிறந்து ஐப்பசி முடிவதற்குள், ஆற்றங்கரைத் தெரு உட்பட நாடு முழுவதும் பேரமைச்சரின் மாளிகைக்குள் வந்துவிட்டது.

நாவரசர் நிறைவோடு சொன்னார். "கனம் நீதிபதி அவர்களே, தாங்கள் உட்கார இனி இடம் இல்லை."

ஞானவரம்பர் அரசாணையை இரண்டு முறை படித்தார். "அப்படியானால் நாம் எல்லோரும் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறோம். அவரும் அதே வீட்டில் இருக்கிறார். எதிரி ஆஜர் என்று பதிவு செய்கிறேன்." பிறகு மாளிகை இருந்த திசையைப் பார்த்து, "இது உங்கள் கையெழுத்தா?" என்று வழக்கமான குரலில் கேட்டார். பதில் வரவில்லை. எதிரி மறுக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்.

மூக்கையா மீது குற்றமில்லை, பேரமைச்சர் குற்றவாளி, மூன்று வருடச் சிறை. தீர்ப்பைக் கேட்டு நாவரசர் முகம் மாறவில்லை. மறுநாளே அரசாணை வந்தது. சிறைச்சாலையும் மாளிகையின் ஓர் அறைதான். ஆகவே மாளிகையில் இருப்பவர் சிறையில் இருப்பவரே. கம்பீரராயர் வீட்டிலேயே தண்டனையைத் தொடங்கினார். நன்னடத்தைக்காக அது நான்கு மாதமாகக் குறைந்தது. நீதிமன்றக் காகிதங்களை மாளிகைக்குள் யாரும் படித்துக்காட்டக் கூடாது என்று இன்னோர் ஆணையும் வந்தது. தீர்ப்பு நகல் பேச்சியம்மையின் பெட்டியிலேயே கிடந்தது. தெருவில் யாருக்கும் அது தெரியாது.

தேர்தல் வந்தது. சிறை சென்ற தியாகி என்று சுவரெல்லாம் எழுதினார்கள். கம்பீரராயர் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டே ஆற்றங்கரைத் தெருவுக்கும் வந்தார். பின்னால் நாவரசர், மாலைகள், கூட்டம். பேச்சியம்மை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, உங்கள் வாக்கு எனக்குத்தான்."

"வாங்கய்யா. மூணு வருஷத்துக்கு மேல உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். உக்காருங்க." வாசலில் முக்காலியை எடுத்துப் போட்டாள். வாக்காளர் சொல்வதை மறுக்கக் கூடாத தேர்தல் காலம். அவர் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு விஷயம் கேக்கணும். பாலத்துக்குச் சுண்ணாம்பப் பாதியாக் கொறைக்கச் சொல்லி ஒரு உத்தரவு இருக்கே, அதுல இருக்குறது உங்க கையெழுத்தாய்யா?"

நாவரசர் குனிந்து அவர் காதில் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கம்பீரராயர் சிரித்தபடியே, "என்னுடையதுதான், அம்மா. தினமும் நூறு கையெழுத்துப் போடுகிறவன் நான். உங்களுக்காகத்தானே இவ்வளவு உழைப்பு" என்றார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. பதினெட்டுக் குடும்பத்தாரும் வாசல்களில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர்வலம் அடுத்த தெருவுக்குப் போன பிறகு வள்ளிமயில் தெருவைக் கடந்து வந்தாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு, பேச்சி" என்றாள்.

பேச்சியம்மை உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வள்ளிமயில் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முழுவதையும் குடித்தாள்.

ஆற்றங்கரையில் கம்பீரராயருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. மற்ற ஊர்களில் அந்தப் பதிலை யாரும் கேட்டிருக்கவில்லை. ஆகவே அவர் வென்றார். பதவியேற்ற அன்றே முதல் அரசாணையில் கையெழுத்திட்டார். இனி வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு மக்களின் வீடுகளுக்குப் போகவேண்டியதில்லை.