விழுந்து பார்த்தவர்

பாத்திரக்கடைக்காரர் நடைபாதையில் குப்புற விழுந்து கிடந்தார். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

"போதும், எந்திரிங்க மாமா," என்றான் விளக்குக் கம்பத்தின் மறைவில் நின்ற மைத்துனன். "தெருவே யோசிக்குது. நான் சொன்னேன்ல?"

நாலு நாளில் கிளம்பிவிடுகிறேன் என்று வந்து, அவர் வீட்டு மாடி அறையில் வேர்விட்டுவிட்டவன் அவன். சாப்பிடும்போது வாய்ச்சண்டை வந்தது. முன்பின் தெரியாதவன் விழுந்தால் மனுஷன் யோசிக்காமல் ஓடி வருவானா, கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வருவானா? யோசிக்காமல் வந்தால் மைத்துனன் பெட்டியைக் கட்ட வேண்டும். யோசித்து வந்தால் அறை அவனுக்கே. பேரம் பேசியே தலை நரைத்த பாத்திரக்கடைக்காரர் கையடித்துச் சம்மதித்தார். தன்னை யாருக்கும் தெரியாத தெருவாகப் பார்த்து விழுந்தும் விட்டார்.

"நீ பேசிக் கெடுத்துட்ட மாப்ளே. விழுந்த சத்தமும் பத்தல."

"விழுந்த மாதிரியே இல்ல மாமா. படுத்த மாதிரி இருந்துச்சு."

சத்தத்துக்காகக் கடைக்கு ஆள் அனுப்பி, ஒரு கட்டு எவர்சில்வர் தட்டு வரவழைத்தார். அதோடு விழுந்தார். தட்டுகள் திசைக்கொன்றாக உருண்டன. ஓர் அம்மாள் குனிந்தார். பாத்திரக்கடைக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"தட்டு என்ன விலைங்க?"

அவரையும் அறியாமல் விலை வாயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் பாதிக்குக் கேட்டார். படுத்தபடியே பேசி முடித்து ஆறு தட்டு விற்றார்.

"மாமா, விழுந்திருக்கீங்களா, கடை போட்டிருக்கீங்களா?"

கோபத்தில் விருட்டென்று எழுந்தவர், மிச்சம் கிடந்த தட்டில் கால்வைத்து நிஜமாகவே சறுக்கினார். முட்டி சிராய்த்தது. இந்த முறை 'ஐயோ' தானாகவே வந்தது.

எதிரே சலூன் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் துணி, ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் முழுக்க நுரை. அந்தக் கோலத்தில் ஒருவர் ஓடி வந்து அவரை அள்ளித் தூக்கினார்.

வலியிலும் பாத்திரக்கடைக்காரருக்குப் பல் தெரிந்தது. "பாத்தியா மாப்ளே? பாதிச் சவரத்துல வந்திருக்கார். யோசிக்கிறவன் முகத்தைக் கழுவிட்டுல்ல வருவான். பெட்டியக் கட்டு."

மைத்துனன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் கேட்டுவைத்தான்: "ஏங்க, ஓடி வர்றதுக்கு முன்னாடி கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

நுரைக்காரர் கூச்சத்தோடு கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா முதல்ல விழுந்ததுல இருந்தே உள்ள அதே பேச்சுதாங்க, தூக்கலாமா வேணாமான்னு முடிவாகாம, கடைசியில சீட்டுக் குலுக்கிப் போட்டோம், என் பேரு வந்துச்சு."