ரெண்டு நாள் பார்ட்டி

முதியோர் இல்லத்தில் சேர வந்தவரைப் பார்த்து, "எத்தனை நாள் தங்குவீக?" என்று கேட்ட மேனேஜர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லாட்ஜ்காரர்.

காரைக்குடிக்குச் சற்று வெளியே இருந்தது எங்கள் இல்லம். நான் அங்கே நர்ஸ். மேனேஜருக்குப் பெற்றோர் வைத்த பெயர் நியமன உத்தரவில் மட்டும் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்துவிட்டு வந்தவர் என்பதால், சமையல்காரம்மா முதல் டிரஸ்டி வரை எல்லாருக்கும் அவர் லாட்ஜ்காரர்தான். ரூம் நிர்வாகம் தெரிந்த ஆள் என்று நம்பி டிரஸ்டிகள் வேலைக்கு எடுத்தார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. மனுஷர் ரூமைத் தவிர வேறு எதையும் நிர்வகிக்கவில்லை.

வந்த வாரமே ஒவ்வொரு அறைக்கும் மரக்கட்டை தொங்கும் சாவி கொடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் 'தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு' என்று போர்டு மாட்டினார். அங்கே தங்கியிருந்த பழைய தாசில்தார் ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பல்செட்டும் இதுல சேருமாய்யா?" என்று கேட்டார். "கழட்டி வச்சா சேரும்" என்றார் லாட்ஜ்காரர், யோசிக்காமல்.

எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த எனக்கு அது ஒரு வார்டு. அங்கே இருந்தவர்கள் பேஷண்ட்டுகள். அவருக்கோ அவர்கள் ரூம் எடுத்துத் தங்கும் பார்ட்டிகள். "பெட் நாலுக்கு பிரஷர் கூடியிருக்கு" என்பேன் நான். "ரூம் நாலு பார்ட்டிக்கா?" என்பார் அவர். ஒருநாள் நான் பிரஷர் பார்க்கக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது பின்னாலேயே ஓடி வந்தார்.

"சிஸ்டர்! பார்ட்டி உள்ள இருக்கும்போது தட்டாமப் போறீகளே, போலீஸ் ரெய்டா?"

"கீழ விழுந்து கெடந்தா தட்டிக்கிட்டு நிக்க முடியுமாண்ணே?"

"விழுந்த சத்தம் கேட்டா ஒடைச்சிட்டுப் போங்க. பிரஷர் பாக்கத் தட்டிட்டுப் போங்க."

அவரோடு பேசி ஜெயிப்பதைவிட, ஊசி போட நரம்பே கிடைக்காத கையோடு மல்லுக்கட்டலாம்.

இப்படி இருக்கையில் கொத்தமங்கலத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். தனியாக இருக்க முடியாத அம்மாவை, வெளிநாட்டில் இருக்கும் மகன் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு எங்களிடம் கூட்டி வந்திருந்தார். மகன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே லாட்ஜ்காரர் தன் ரிஜிஸ்டரை விரித்தார். அதில் 'காலி செய்யும் நாள்' என்று ஒரு கட்டம் அவரே கோடு போட்டு வைத்திருந்தார்.

"எத்தனை நாள் தங்குவீக ஆச்சி?"

மகனுக்கு முகம் கறுத்தது. நான் மேஜைக்கு அடியில் லாட்ஜ்காரரின் காலை மிதித்தேன். ஆச்சி மட்டும் நிதானமாக, "ரெண்டு நாளு" என்றார். லாட்ஜ்காரரும் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாளும் ஆச்சி வயிற்றுக்குக் குறை வைக்கவில்லை. குழம்பைத்தான் குறை சொன்னார். மூன்றாம் நாள் காலையில் புடவை மாற்றி, பையைக் கட்டி, வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மகன் அதற்குள் விமானம் ஏறியிருந்தார். லாட்ஜ்காரரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தார். எனக்குப் பதமாகப் பேசத் தெரியுமா? "ஆச்சி, இனிமே இதான் உங்க வீடு. எங்கயும் போக வேண்டியதில்ல" என்றேன்.

ஆச்சி எழுந்துபோய்ப் படுத்தவர்தான். அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. மறுநாள் காலை இட்லித் தட்டும் அப்படியே திரும்பியது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொன்னார் டாக்டர். எண்பது வயது உடம்பு அங்கே போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வாயைக் கொடுத்தவள் நான்தானே, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பத்து மணிக்குக் கல்யாணத் தாம்பூலப் பையோடு வந்து இறங்கினார் லாட்ஜ்காரர். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "அடடா, நேத்தே காலி பண்ற நாளு. யாரும் போய்க் கேக்கலையா?" என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

"ஆச்சி, ரூமைக் காலி பண்ணப் போறீகளா? இப்ப சீசன் இல்ல, எடமே காத்தாடுது. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போனீகன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றேன்.

"ரெண்டு நாளுதேன். அதுக்கு மேல கேக்கப்படாது."

"சரிங்க ஆச்சி."

"இட்லிக்கு என்ன வச்சிருக்கீக?"

சமையலறைக்கு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வராந்தாவிலேயே நின்றுவிட்டது.

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை லாட்ஜ்காரர் ரிஜிஸ்டரோடு போவார். ஆச்சி யோசிப்பார், பிகு செய்வார், கடைசியில் பெரிய மனது பண்ணிச் சம்மதிப்பார். ஒரு டிரஸ்டி அந்த ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, பக்கம் பக்கமா ஒரே பேரா இருக்கு?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். "ரெகுலர் பார்ட்டிங்கய்யா" என்றார் லாட்ஜ்காரர், பெருமையாக.

"ஏண்ணே இந்தப் பொய்?" என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பொய் என்ன சிஸ்டர்? பார்ட்டியக் கேக்காம ஒருநாள் கூடுதலாப் போட்டாலே லாட்ஜுல சண்டைக்கு வந்துருவாக."

மூன்றாவது வருஷம் அவர் கண் ஆபரேஷனுக்கு லீவில் போனார். போகும்போது ரிஜிஸ்டரை என் கையில் கொடுத்தார். நானும் கதவைத் தட்டி, அவர் கேட்பதுபோலவே கேட்டேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேனேஜரு எங்க?"

"கண் ஆபரேஷன் ஆச்சி. வர ஒரு வாரமாகும்."

"அப்ப ஒரு வாரம்னு எழுது. அவுகள்ட்டச் சொல்லிக்காமப் போனா நல்லாருக்காது."

எழுதினேன். அந்த வாரம் முழுக்க, எனக்கு ஆகவே ஆகாத அந்த மனுஷர் எப்போது வருவார் என்று ஆச்சியைவிட நான்தான் அதிகமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.