பழைய பாடியை என்ன செய்வது?

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. இங்கு நான் நலம், என் கேமராவும் நலம். அங்கு உங்கள் இரத்த அழுத்தமும் அத்தையின் முழங்காலும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகளின் நலத்தை இப்போது நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் முக்கியமான செய்தி. நீண்ட விவாதங்களுக்கும் இரு தரப்பு வாதங்களுக்கும் பிறகு, கேமராவின் பாடியை மாற்றுவதில்லை என்றும், நல்ல லென்ஸ் ஒன்று வாங்குவது என்றும் இன்று காலை பல் துலக்கும்போது முடிவெடுத்துவிட்டேன். லென்ஸைக் கழற்றிய பின் மிஞ்சுவதற்குப் பெயர் பாடி என்பது, கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் மகனைப் பெற்ற உங்களுக்குத் தெரியாததல்ல. இம்முடிவை உங்கள் மகளிடம் தெரிவித்து, அவளை உடனே அனுப்பி வைக்க வேண்டும். ஏன் உடனே என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம். தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் அங்கே எடுப்பவன் உங்கள் மகன்.

தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்குச் சந்தேகம் சம்பளத்தோடு சேர்ந்து வருவது. "அத்தான், லென்ஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பாடிய மாத்துங்க. பழச எங்கிட்டயே குடுத்துடுங்க" என்று ஒருவன் சொன்னால், முதல் வாக்கியத்தின் காரணத்தைக் கடைசி வாக்கியத்தில் தேடுவது என் தொழில். கேமராக் கடைக்காரரோ லென்ஸ்தான் என்று அடித்துச் சொன்னார். விலைபோகாத லென்ஸ் ஒன்று அவர் கண்ணாடி அலமாரியில் தூசி படிந்து கிடந்ததையும் கவனித்தேன். ஆக இருவரையும் நம்பாமல், நானே சோதித்து அறிய, உங்கள் மகளைச் சன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தேன். மங்கலாக வந்தது.

"இது லென்ஸோட தப்பா, என் மூஞ்சியோட தப்பா?" என்று கேட்டாள்.

"பாடிய மாத்திப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன். தொழில்நுட்ப ரீதியாக அது சரியான பதில்.

"மாத்திக்கோங்க. உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினாள். கேமராவுக்காகப் புருஷனோடு சண்டை என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்பதால், கீழ்வீட்டார் கண்ணில் படாமல் பின்படி வழியாக இறங்கிப் போனாள்.

அவளோடு பேசத்தான் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவன் உங்கள் மகன், பேச்சு தானாகப் பாடிக்குத் தாவிவிட்டது. எங்கள் வீட்டில் மாடிப்படித் திருப்பத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் கத்தினால்தான். "பழைய பாடிய வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? நாளாக நாளாக பூஞ்சை புடிச்சிடும்!" என்றேன். "கையில எடுத்துட்டுப் போனா நாலு பேர் பாப்பாங்க, பை பெருசா வேணும்!" என்றும் சொன்ன ஞாபகம். கீழே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

சற்று நேரத்தில் வீட்டுக்கார அம்மா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே வந்தார். நாங்கள் மாதக்கணக்கில் முறையிட்டும் பார்க்க வராத குழாய் அது.

"தம்பி, வீட்ல இல்லையா?"

"அவங்க அப்பா வீட்டுக்குப் போயிருக்காம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமயா?"

"சொல்லிக்கிற நிலைமையில அவ இல்லம்மா."

அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அப்ப... பாடி?" என்றார்.

மாமா, என் அந்தரங்க விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது? இருந்தாலும் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "பீரோவுலதான் வச்சுப் பூட்டியிருக்கேன். காத்து போகாத பெட்டி. ஈரம் பட்டா கெட்டுடும் பாருங்க" என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அடுத்து, கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் அளவெடுக்கும் நாடா கழுத்தில் தொங்க வந்தார். "சார், பீரோன்னா... உள்ள கொள்ளுமா சார்?" என்றார்.

"முழுசா வச்சாத்தானே இடிக்கும்? நான்தான் கழட்டித் தனித்தனியா வச்சிருக்கேனே" என்றேன்.

அன்றிலிருந்து நான் படியிறங்கினால் தையல் மெஷின் நின்றுவிடுகிறது. என் குப்பைப் பையை வீட்டுக்கார அம்மா குச்சியால் குத்திப் பார்க்கிறார். நான் அதற்குள் புது லென்ஸ் வாங்கிவிட்டேனா என்றறிய அதன் அட்டைப் பெட்டியைத் தேடுகிறார் என்பதுதான் என் ஊகம். இருவரும் கூட்டு, குறி என் கேமரா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சந்தேகமே இல்லாமல் நான் எதையும் சொல்வது அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் மகள் வந்து பால்கனியில் சற்று நேரம் நின்றால் போதும். ஆள் நடமாட்டம் உள்ள வீடு என்று தெரிந்தால் திருட நினைப்பவர்கள் யோசிப்பார்கள். அவள் போன பிறகு வீடு ஒரு மாதிரி இருக்கிறது, இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மங்கலான படத்தை நான் அழிக்கவில்லை. மங்கலாக இருந்தாலும் முறைப்பது அவள்தான் என்று தெரிகிறது.

அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் மகனுக்கு அளவான அன்பு. எல்லோரும் நோய்நொடியின்றி, நல்ல வெளிச்சத்தில் வாழ வேண்டுகிறேன்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். பீரோவைத் திறந்து, பெட்டியைத் திறந்து, கேமராவைப் பார்த்து ஏமாற்றமடைந்து, பாடியை மட்டும் எடுத்துக்கொண்டு என்னையும் உடன் அழைத்து வந்துவிட்டார்கள். திரும்பக் கிடைப்பது நிச்சயமில்லையாம். ஆகவே லென்ஸ் முடிவு ரத்து, புது பாடிதான் வாங்க வேண்டியிருக்கும். இங்கிருந்து உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். விஷயம் முழுவதையும் கேட்குமுன் உங்கள் மகன், "பாடிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க சார், ராத்திரி நானே வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறான். உங்கள் மகள் நேரில் வந்து, தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் என்னை அனுப்புவார்களாம். இக்கடிதத்தை உங்களிடம் கொடுப்பவர் காவலர். அவர் ஜீப்பில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.