கொடியைப் பார்த்து வாங்கிய காம்பவுண்ட்

வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் பார்ப்பார்கள், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள், சிலர் வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து மூலைக்கு மூலை நிற்கவைப்பார்கள். கொடியில் காயும் துணியை மட்டும் பார்த்துவிட்டு ஆறு வீடு உள்ள ஒரு காம்பவுண்டையே வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஹவுஸ் ஓனர் ஷிஃப்ட் சார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் பார்த்த ஞாபகம், மறந்துவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஆயுசு முழுக்க ஷிஃப்ட் சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "டீ சாப்பிடுதீகளா தம்பி?" என்று என்னிடம் அன்பாகக் கேட்டால், எதிர்வீட்டுக்காரர் "வேண்டாங்க, இப்பத்தான் ஆச்சு" என்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். தான் நின்றால் எங்கேயோ ஒரு மெஷின் நின்றுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

காம்பவுண்ட் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். முதல் வீட்டில் நானும் என் மனைவியும். அடுத்த வீட்டில் ஸ்டெல்லா டீச்சரும் அவருடைய அம்மாவும். மீதி நான்கு வீட்டிலும் பூட்டு தொங்கியது. பழைய ஓனர் விற்க முடிவுசெய்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பூட்டெல்லாம் திறந்தன. வாசலில் செருப்புகள் முளைத்தன. ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் சேலை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், குழந்தைத் துணி என்று ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகிற அளவு ஈரத்துணி தொங்கியது. செத்த நேரத்தில் ஷிஃப்ட் சார் வந்தார்.

"ஆறும் ஃபுல்லுங்க. மாசம் பொறந்தா வாடகை தானா வந்து விழும்" என்றார் பழைய ஓனர்.

ஷிஃப்ட் சார் ஒரு சேலையின் நுனியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "நூலைப் பாத்தே எந்த மெஷின்ல ஓடுச்சின்னு சொல்லுத ஆளு நான். துணி பொய் சொல்லாது" என்றார். மில்லில் கடைசியாக வந்த செட்டில்மென்ட், பி.எஃப். எல்லாம் போட்டுப் பத்திரம் முடித்தார்.

முதல் தேதி, ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, எல்லாருக்கும் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கொடி வெறுங்கொடியாக இருந்தது. நான்கு கதவிலும் பழைய பூட்டு.

"எங்க போனாவ எல்லாரும்?" என்றார்.

ஸ்டெல்லா டீச்சர்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னார். "சார், அது பழைய ஓனரோட தங்கச்சிமார் வீட்டுத் துணி. மூட்டை கட்டிக் கொண்டுவந்து காயப்போட்டாவ. சாயங்காலமே எடுத்துட்டுப் போயிட்டாவ."

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா டீச்சர்?"

"நீங்க சேலையத்தான விசாரிச்சீக? எங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலயே சார்."

வாடகைக்கு விட வீடு வாங்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு வரியைப் பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஷிஃப்ட் சார் லட்டை எங்கள் இரண்டு வீட்டுக்குமே பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் லட்டுதான் சாப்பிட்டோம்.

விஷயம் வீட்டில் வெடித்தது. அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். அதிர்ந்து பேசாதவர், ஆனால் பேசினால் அதுதான் தீர்ப்பு. "ஆடித் தேருக்குள்ள ஆறு வீடும் நெறையணும். இல்லாட்டி வித்துட்டு மெட்ராஸ்ல மவன் வீட்டுக்குப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டார். மகனும் அதைத்தான் ஆசைப்பட்டான். ஷிஃப்ட் சாருக்குப் பணம் போவதைவிட மகனுடைய அந்த அடுக்குமாடி ஃபிளாட்டுக்குப் போவதுதான் பெரிய பயம். முன்பு ஒரு வாரம் அங்கே இருந்துவிட்டு வந்தவர்.

"அம்புட்டு ஒசரத்துல ஒரு சத்தமும் இல்ல தம்பி. எனக்குக் காது செத்துப்போச்சோன்னு பயந்து, நானே தட்டைக் கீழ போட்டுப் பாத்தேன்" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் முதல் தினமும் டிபன் கேரியரோடு டியூட்டிக்கு வருவதுபோல் வந்து இறங்கினார். பிளம்பரை நம்பாமல் தானே குழாயைக் கழற்றி மாட்டினார். அதன் பலனாக, நான் குளியலறையில் குழாயைத் திறந்தால் டீச்சர் வீட்டு அடுப்படியில் தண்ணீர் கொட்டியது. "பக்கத்து வீட்டு சார் குளிக்கப் போறாவ, பானையை எடுங்க" என்று டீச்சரின் அம்மா குரல் கொடுப்பார். இரண்டு குடும்பமும் ஒருவருக்கொருவர் நேரம் சொல்லிவிட்டுக் குளித்த ஒரே காம்பவுண்ட் எங்களுடையதுதான்.

அடுத்தது மோட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார், ஒரே தொட்டி. போடுவதற்கு ஆள் உண்டு, நிறுத்துவதற்குக் கிடையாது. தொட்டி வழிந்து முற்றத்தில் நாற்று நடலாம் என்கிற அளவுக்குச் சேறாகும். இதற்கு ஷிஃப்ட் சார் மூளையில் ஒரு தீர்வு உதித்தது. மூடிப்போன ஒரு மில்லில் ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற மின்சாரச் சங்கு பழைய இரும்புக் கடையில் கிடந்ததைத் தூக்கிவந்து, தண்ணீர்த் தொட்டியின் தலையில் மாட்டிவிட்டார்.

முதல் சங்கு ஊதிய காலையை அந்தத் தெரு மறக்காது. டீக்கடைக்காரர் வடைக்குப் பதில் கரண்டியை எண்ணெயில் போட்டார். சலூனில் ஒருவர் பாதி மீசையோடு எழுந்து ஓடினார். பாதிப் பேர் நில நடுக்கம் என்றார்கள், மீதிப் பேர் யுத்தம் என்றார்கள். ஷிஃப்ட் சார் மட்டும் முகம் மலர்ந்து, "ஃபர்ஸ்ட் ஷிஃப்டு! அவுகவுக டிரம்மைப் பிடிங்க!" என்று கத்தினார். மறு சங்கு ஊதினால் மோட்டார் நின்றுவிடும். அதற்குள் பிடித்தவர்கள் பிடித்ததுதான். பிறகு சாயங்காலம்தான் அடுத்த ஷிஃப்ட்.

தெருவே திரண்டு வந்து சண்டை போட்டதில், சங்குக்குச் சாக்கைச் சுற்றினார். அதற்குப் பிறகு அது சளி பிடித்த மாடு மாதிரி முனகியது.

வீடு பார்க்க வந்தவர்களிடம் அவர் சம்பளம் கேட்கவில்லை, சொந்த ஊர் கேட்கவில்லை. "எந்த ஷிஃப்டு குளிப்பீக?" என்றுதான் கேட்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வெட்கப்பட்டே ஓடிவிட்டது. டீச்சரும் நானும் தலையில் கைவைத்தோம். பங்குனி முடிந்தும் நான்கு பூட்டும் அப்படியேதான் தொங்கின.

பிறகுதான் கோடை வந்தது. சுற்றுவட்டாரத்தில் போரெல்லாம் காற்றைத் துப்பின. பக்கத்துக் காம்பவுண்டுகளில் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். எங்கள் போர் மட்டும், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் ஊறுவதற்கு ஓய்வு கிடைத்ததால், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தது. சாக்குச் சங்கு முனகும், தண்ணீர் வரும், சண்டை கிடையாது. முன்பு சண்டைக்கு வந்தவர்களே வீடு கேட்டு வாசலில் நின்றார்கள். அந்த ஜோடிகூட, "நாங்க ரெண்டாவது ஷிஃப்டே எடுத்துக்கிடுதோம் சார்" என்று திரும்பி வந்தது. மூன்று வீடு நிறைந்தது. ஆறாம் நம்பர் மட்டும் பாக்கி. அதைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தொட்டி நேர் தலைக்கு மேலே இருப்பது பிடிக்கவில்லை.

ஆடித் தேரன்று காலை மதினி மகனோடு வந்து இறங்கினார். தேர் பார்க்கிற சாக்கு, உண்மையில் இன்ஸ்பெக்‌ஷன். ஷிஃப்ட் சார் முன்னால் போய், "நெறஞ்சிட்டு! எல்லாம் நெறஞ்சிட்டு!" என்றார். நான் ஆறாம் நம்பரைப் பார்த்தேன். கொடி நிறையத் துணி. எனக்கே ஆச்சரியம்.

மதினி ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து ஆறாவது கொடியில் நின்றார். ஒரு சேலையின் முந்தானையைக் கையில் எடுத்தார்.

"இது என் மஞ்சச் சேலைல்லா?"

ஷிஃப்ட் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக நடக்காமல் நின்றார்.

"எவனோ ஒங்கள ஏமாத்துன வித்தைய எங்கிட்டயே காட்டுதீகளா?" என்றார் மதினி. மகன் மெட்ராஸைப் பற்றி ஆரம்பித்தான்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க ஒருவர் உள்ளே வந்தார். பழைய ஓனர்! பின்னால் அவருடைய மகள், இடுப்பில் குழந்தை.

"சார், மவ இருக்க காம்பவுண்டுல மூணு வாரமா தண்ணி இல்ல. இங்க ஏதாச்சும் வீடு..." என்றவர் ஆறாவது கொடியைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "ஓ, ஃபுல்லா?"

பழி தீர்க்க இதைவிட ஒரு நேரம் யாருக்கும் கிடைக்காது. ஷிஃப்ட் சார் அந்த மனிதரைப் பார்த்தார், இடுப்புக் குழந்தையைப் பார்த்தார்.

"ஃபுல்லு இல்ல. அது எங்க வீட்டுத் துணி. மூட்டை கட்டிக் கொண்டுவந்து காயப்போட்டேன். நீங்க சொல்லித் தந்த தொழில்தான்."

பழைய ஓனர் தலை குனிந்தார். ஷிஃப்ட் சார் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "எந்த ஷிஃப்டும்மா?"

"எந்த ஷிஃப்டுன்னாலும் சரிங்க. தண்ணி வந்தா போதும்."

மதினி மஞ்சள் சேலையை உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குக் கொடியைக் காலிசெய்து கொடுத்தார். பிறகு தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "அந்தச் சாக்கை அவுத்துட்டு இன்னைக்கு ஒருதடவ நல்லா ஊதுங்க. நானும் கேக்கேன்."

ரதவீதியில் தேர் அசைந்த அதே நேரத்தில் எங்கள் சங்கு முழுக் குரலில் ஊதியது. அன்றைக்குத் தெருவில் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கையைத் தட்டினார்கள். மகன்கூடத் தட்டினான்.

இப்போது நான் ராஜபாளையத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது, குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். ஆனாலும் காலையில் துண்டைத் தோளில் போட்டதும் அவருக்கு ஒரு போன் போட்டு, "ஊதியாச்சா சார்?" என்று கேட்பேன்.

"ஊதியாச்சு தம்பி, போய்க் குளிங்க" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் குளிக்கப் போகிறேன்.